இழுத்தால் பிரியும் தையல்

சரக்கு ஷெட்டில் எல்லோரும் அவளை ஊசி என்றும் அவள் புருஷனை மசி என்றும்தான் கூப்பிடுவார்கள். அவள் சாக்குகளின் வாயைத் தைப்பவள். அவன், தைத்து முடித்த சாக்கின்மேல் தகர அச்சை வைத்து, மூட்டை போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயரைக் கறுப்பு மையால் அடிப்பவன். "ஊசியும் மசியும் சண்டை போட்டா ஒரு மூட்டை வெளிய போகாது" என்று சுமைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்கள் சண்டை போடுவதே குறைவு. போட்டாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு பேருக்கும் சாப்பாட்டு டப்பா ஒன்றுதான் இருந்தது.

அவள் தையல் மற்றவர்கள் தையல் மாதிரி இல்லை. கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்து, கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலி போலத் தைத்துக்கொண்டே போவாள். கடைசிக் கண்ணியில் நூலின் வாலை நுழைத்து, சாக்கின் மடிப்புக்குள் சொருகிவிடுவாள். மூட்டையை உதைத்து உருட்டினாலும் பிரியாது. ஆனால் மடிப்புக்குள் விரலை விட்டு, அந்த வாலை விடுவித்து ஒரே இழுப்பு இழுத்தால், முழம் முழமாகச் சரசரவென்று வந்துவிடும். வால் இருக்கும் மூலை தெரியாதவர்கள் இழுக்க இழுக்கத் தையல் இறுகும். கடைசியில் கத்தியைத்தான் எடுக்க வேண்டும். ஷெட்டில் அந்த மூலை தெரிந்தவன் மசி ஒருவன்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவளோடு பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தபோது, சொல்லிக் கொடு என்று கேட்டுக் கற்றுக்கொண்டது.

தையல் அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. தானியக் கிடங்கில் சாக்கு தைத்தே இரண்டு பெண்களை வளர்த்தவள் அவள். நூலை அறுப்பதைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அறுத்த நூல் குப்பைக்கு, இழுத்த நூல் அடுத்த மூட்டைக்கு என்பாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, தங்கை கல்யாணமாகி மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போனாள். இரண்டு நாள் பயணம், அதில் பாதி மண் ரோடு. நினைத்தபோது போய்வர முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை அக்கா ஒரு சாக்கு நிறையத் துணியும் சோப்பும் செருப்பும் கட்டி அனுப்புவாள். தங்கை அதைப் பிரித்து, அதே சாக்கில் மலைப் பயறும் உலர்ந்த பழமும் போட்டு, அதே நூலால் தைத்துத் திருப்பி அனுப்புவாள். நைந்த இடத்தில் முடிச்சுப் போட்டு அந்த ஒரே நூலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை மகள் குட்டி பிறந்த வருஷம் ஆரம்பித்தது. குட்டிக்கு இப்போது எட்டு வயது, நூலுக்கும் எட்டு வயது.

அந்த வருஷத்து மூட்டை இன்னும் போகவில்லை, நூல் அக்காவிடம் இருந்தது. குட்டிக்கென்று சிவப்புக் கம்பளி ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள்.

அப்போதுதான் கடல் ஏறி வந்து கடற்கரை நகரத்தைக் கொண்டுபோனது. அந்த நகரத்தை எல்லோருக்கும் தெரியும். போகாதவர்களும் காலண்டரில் பார்த்திருக்கிறார்கள். வளைந்த கடற்கரைச் சாலை, வெள்ளைக் கட்டடங்கள், மணிக்கூண்டு. டிவியில் காலையிலும் மாலையிலும் அதையே காட்டினார்கள். காணாமல் போனவர்களின் பெயர்கள் கீழே ஓடிக்கொண்டே இருந்தன. கூரைமேல் ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். முதலாளி ஷெட் வாசலில் பேனர் கட்டி, லாரி வாடகை வேண்டாம் என்று அறிவித்தார். பள்ளிக்கூடங்களிலிருந்தும் ஆபீஸ்களிலிருந்தும் சாமான் வந்து குவிந்தது. நல்ல மனசு எத்தனை விதமாக இருக்கும் என்று அந்தக் குவியலில் பார்க்கலாம். மடிப்புக் கலையாத சட்டைகள் வந்தன. கல்யாணக் கோட்டு வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. ஒரு பை நிறைய நீச்சல் உடை வந்தபோது சுமைக்காரர்களில் மூத்தவர் அதைத் தூக்கிக் காட்டி, "கடலே வீட்டுக்குள்ள வந்திருக்கு, இதுவும் வேணுமா அவங்களுக்கு" என்றார். யாரும் சரியாகச் சிரிக்கவில்லை.

ஊசி ஒரு நாளைக்கு எண்பது மூட்டை தைத்தாள். விரல் நுனி வெடித்தது. மூன்றாம் நாள் அவளும் வீட்டிலிருந்து சிவப்புக் கம்பளியைக் கொண்டுவந்து ஒரு மூட்டையில் போட்டுத் தைத்தாள். குட்டிக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கூரைமேல் இருந்த பிள்ளைக்கு இப்பவே வேணும் என்று மசியிடம் சொன்னாள். அவன் அவள் தலையைத் தொட்டுவிட்டுத் தன் கையிலிருந்த மை பட்டு அவள் நெற்றி கறுத்ததைத் துடைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள் டீக்கடைப் பேப்பரில் ஏழாம் பக்கத்தில் நாலு வரி இருந்தது. பாத்திரக் கடைத் தள்ளுபடி விளம்பரத்துக்கு மேலே. மலையடிவாரத்தில் பலத்த மழை, ஆறு திசை மாறியதில் நாலு ஊர்கள் பாதிப்பு, உயிர்ச்சேதம் பற்றிய விவரம் தெரியவில்லை. ஊர்ப் பெயர்களில் மூன்றாவது, தங்கையின் ஊர்.

போன் போகவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் போகவில்லை. டிவியில் அந்த மலையைக் காட்டுவார்கள் என்று இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். கடற்கரை நகரத்தில் மணிக்கூண்டைத் தூக்கி நிறுத்துவதைக் காட்டினார்கள். பெயர்கள் ஓடின. அந்தப் பெயர்களுக்கு நடுவில் தங்கையின் பெயர் வர வழியே இல்லை என்று தெரிந்தும், அவள் கடைசி வரைக்கும் படித்தாள்.

பேப்பரில் பார்த்த நான்காம் நாள் காலையில் முதலாளியிடம் போய் நின்றாள். மூட்டைகளில் பத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார்.

"இது என் சாமான் இல்லம்மா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அந்த ஊருக்குன்னு சொல்லிக் கொடுத்தது. ஒரு மூட்டையை நான் இடம் மாத்தினாலும் நாளைக்கு எவன் என்னை நம்பிக் கொடுப்பான்? நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு வலித்தது.

"அங்க எத்தனை பேரு போயிட்டாங்களாம்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க அய்யா. யாரும் போய்ப் பாக்கலை."

"பாக்காத ஒண்ணுக்கு ஜனங்ககிட்ட எப்படிம்மா கேக்கிறது? டிவியில ஒரு தடவை காட்டட்டும். நானே பேனர் அடிக்கிறேன்."

அன்று சாயங்காலம் அவளே ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். யாரும் விரட்டவில்லை. எல்லோரும் நின்று கேட்டார்கள். "அங்கேயுமா?" என்றாள் ரொட்டிக் கடைக்காரி, சொந்த வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டது போல. போன வாரம்தான் அலமாரியைக் காலி பண்ணிக் கொடுத்தோம் என்றார்கள் மாடி வீட்டுக்காரர்கள். பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளைகளிடம் மறுபடியும் கேட்டால் பெற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கி, தன் பையிலிருந்த குடையைக் கொடுத்தாள். அந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆறு பேர் கேட்டார்கள். அவள் ஆறு தடவையும் கையை நீட்டி வடக்கே காட்டினாள். இருட்டுவதற்குள் அரைச் சாக்கு நிரம்பியது. சோப்பு, நாலு சட்டை, தையல்காரர் கொடுத்த இரண்டு பாவாடை, ரொட்டிக் கடைக்காரி கொடுத்த பிஸ்கட் டப்பா, குடை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. மசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மலையில இப்ப குளிருமாங்க?"

"மழைன்னா குளிரத்தான் செய்யும்."

"குட்டிக்குன்னு வாங்கினதைத் தூக்கி யாருக்கோ கொடுத்தேனே. என் கையாலேயே கொடுத்தேனே."

அவன் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தான். பிறகு, "எந்த மூட்டைன்னு ஞாபகம் இருக்கா?" என்றான்.

"பச்சைக் கரை போட்ட சாக்கு."

பச்சைக் கரைச் சாக்கு சுவரோரம் மேலிருந்து மூன்றாவதாக இருந்தது. சுமைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் இரண்டை இறக்கி வைத்துவிட்டு, மடிப்புக்குள் விரலை விட்டு வாலை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். சங்கிலி சரசரவென்று ஓடி வந்தது. கம்பளி மேலேயே இருந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க. இது அந்தப் பிள்ளையோடது. கொடுத்ததை எடுத்தா அது திருட்டு."

அவன் ஆணியில் தொங்கிய தன் கோட்டை எடுத்தான். அவனிடம் இருந்த ஒரே கோட்டு. உதறி, மடித்து, கம்பளி இருந்த இடத்தில் வைத்தான்.

"இது கம்பளியைவிடச் சூடு. அங்கேயும் யாரும் குளிர்ல நிக்க மாட்டாங்க."

"நீங்க?"

"நான் உன் பக்கத்துலதானே படுக்கிறேன். தை, தை. பெரியவர் வந்துடுவார்."

அவள் அழுதுகொண்டே தைத்தாள். தையல் கோணவில்லை. பிறகு அரைச் சாக்கில் கம்பளியைப் போட்டு, தலைமாட்டுப் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த அந்த எட்டு வருஷத்து நூலைக் கோத்தாள். பதினோரு முடிச்சு இருந்தது அதில். ஐந்து அவள் போட்டது, ஆறு தங்கை போட்டது. முடிச்சு ஒவ்வொன்றும் ஊசித் துளையைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று பிறகு வந்தது.

ஊர்ப் பெயர் அடிக்க அச்சு இல்லை. சுவரில் நாற்பது தகர அச்சுகள் தொங்கின. கடற்கரை நகரத்துக்கு மட்டும் மூன்று. மலையடிவாரத்துக்கு யாரும் சரக்கு புக் செய்ததே இல்லை. தங்கைக்கு அனுப்பும் சாக்கில் இதுவரை கையால்தான் எழுதினார்கள். இந்தத் தடவை மசி ஒரு தடித்த அட்டையை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிளேடால் வெட்டினான். ஒரு மூட்டைக்கு இவ்வளவு எதற்கு என்று அவள் கேட்டாள். கையால் எழுதினால் யாரோ வீட்டுச் சாமான் என்று வழியில் ஓரம் கட்டிவிடுவார்கள், அச்சு இருந்தால்தான் அதையும் ஒரு ஊர் என்று நினைப்பார்கள் என்றான்.

மலைப்பக்கம் இரும்புக் கம்பி ஏற்றிப்போகும் டிரைவர் ஒருவர் இருந்தார். எப்போதும் பாதிக் கண் மூடியிருப்பதால் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவர் மூட்டையைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ரோடு எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும் போவேன், அதற்கு மேல் கால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பதினோரு நாள் அவரிடமிருந்து தகவல் இல்லை. போன் எடுக்காத இடம். அந்தப் பதினோரு நாளில் டிவியில் விளையாட்டுப் போட்டி ஆரம்பித்துவிட்டது. கடற்கரை நகரத்தின் பெயர்கள் ஓடுவது நின்றது. முதலாளியின் பேனர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கடைசி லாரிக்கு ஆள் வராமல் இருபது மூட்டைகள் சுவரோரமே தங்கிவிட்டன. பச்சைக் கரைச் சாக்கும் அதில் ஒன்று. காலையில் மசி கைகளை அக்குளில் கட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போவான். "உன் கோட்டு அங்கதானே கிடக்கு, பிரிச்சு எடுத்துக்கோயேன்" என்று மூத்த சுமைக்காரர் ஒருநாள் சொன்னார். எப்படியோ விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "அது அவங்களோடது பெரியவரே" என்றான். கடற்கரைக்காரர்களையும் எல்லோரும் மறந்துவிட்டார்களே என்று ஊசிக்கு இருந்தது. அந்தக் கூரைமேல் நின்ற பிள்ளை இப்போது எங்கே படுக்கிறதோ.

பன்னிரண்டாம் நாள் காலை லாரி வந்தது. டிரைவர் இறங்கி நேராகக் குழாயடிக்குப் போய்விட்டார். லாரியின் பின்பக்கம் வழியில் ஏற்றிவந்த காலிச் சாக்குகள் கட்டாகக் கிடந்தன. மேலாக, தனியாக மடித்து, அட்டை அச்சின் எழுத்துத் தெரியும்படி அந்தச் சாக்கு.

அவள் ஏறி எடுத்தாள். விரிப்பதற்கு முன்னால் வாயைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் கத்தி படவில்லை. ஊசி போன துளைகள் ஒன்றுகூடக் கிழியாமல் வரிசையாக இருந்தன. நூல் இல்லை. யாரோ வாலை எடுத்து ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார்கள். அந்த மலை முழுவதிலும் அது தெரிந்த ஆள் ஒருத்திதான்.

"பிரிச்சிருக்கா" என்றாள். சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மசியிடம் ஓடினாள். "பாருங்க. தொட்டுப் பாருங்க. அறுக்கலை. அவதான் பிரிச்சிருக்கா."

மசி தடவிப் பார்த்தான். அவன் முகமும் மலர்ந்தது. அவள் சுமைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சாக்கின் வாயைக் காட்டினாள். என் தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகலை, எல்லாருக்கும் நான் டீ சொல்றேன் என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு பசிக்கிறது என்றாள். டீயோடு ஒரு ரொட்டியும் வாங்கிப் பாதி பிய்த்துத் தின்றாள், பாதி மசியின் வாயில் வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மசிதான் முதலில் குழாயடியைப் பார்த்தான். டிரைவர் முகம் கழுவி முடித்து வெகு நேரமாகியும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவரை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். டீ கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

"ரோடு பாதிக்கு மேல இல்ல" என்று ஆரம்பித்தார். "லாரியை நிறுத்திட்டு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒன்றரை நாள் நடந்தேன். ஊரு இருந்த இடத்துல கல்லுதான் இருக்கு. மேட்டுல ஒரு பள்ளிக்கூடம். அங்க ஒரு முப்பது பேரு. வெளியிலேருந்து வந்த முதல் ஆள் நான்தான்னு சொன்னாங்க. அதைச் சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

"மூட்டையைப் பாத்ததும் ஆளாளுக்கு இழுத்தாங்க. இறுகிப்போச்சு. ஒருத்தர் கத்தி தேடினார். அப்போ ஒரு பொண்ணு கூட்டத்துக்குள்ள புகுந்து வந்தா. சின்னப் பொண்ணு. எட்டு வயசு இருக்கும். 'அறுக்காதீங்க, இது எங்க நூல்'னா. மடிப்புக்குள்ள விரலை விட்டா, ஒரே இழுப்பு. அவ்வளவுதான்."

"குட்டி" என்றாள் ஊசி. அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. "அவ அம்மா சொல்லிக் கொடுத்திருப்பா. என் தங்கச்சி எங்க நின்னா?"

"நானும் அதைத்தான் கேட்டேன்மா." டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பொண்ணு நூலைச் சுத்திக்கிட்டே இருந்தா. டீச்சரம்மாதான் என்னைத் தனியா கூட்டிட்டுப் போய்ச் சொன்னாங்க. தண்ணி வர்றப்ப பொண்ணைக் கொண்டாந்து பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, புருஷனைக் கூட்டிட்டு வர்றேன்னு திரும்பிப் போயிருக்கா. அவரு கால் உடைஞ்சு கட்டுப் போட்டு வீட்டுல இருந்திருக்காரு. அப்புறம் ரெண்டு பேரையும் யாரும் பாக்கல."

யாரோ லாரியின் பின்கதவைச் சாத்தினார்கள். ஊசியின் கையில் ரொட்டித் துண்டு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல் அவள் சுற்றிலும் பார்த்தாள். மசி அதை அவள் கையிலிருந்து எடுத்தான். அவள் அழவில்லை. சாக்கின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காணாமப் போனவங்க பேரை ஒருத்தரும் வந்து எழுதலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா."

பிறகு, "நூலை என்ன பண்ணினா?" என்றாள்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவர் குழாயடியில் அவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும்.

"விரல்ல சுத்திச் சுத்திப் பந்தாக்கினா. கம்பளியைப் போத்திக்கிட்டு என் பின்னாலேயே இறக்கம் வரைக்கும் வந்தா. சாக்கை அழகா மடிச்சுக் கொடுத்தா. 'பெரியம்மாகிட்ட சொல்லுங்க, எப்பவும் அம்மாதான் ஏதாவது வச்சுத் தைச்சு அனுப்பும். இப்ப திருப்பி அனுப்ப எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. பயறு வந்ததும் அனுப்புறேன். அதுவரைக்கும் நூல் எங்கிட்ட இருக்கட்டும்'னு சொன்னா."

மூத்த சுமைக்காரர் எழுந்து வெளியே போனார். ஊசி அப்போதுதான் அழுதாள். சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. மசி அவள் முதுகில் கை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் அவள் கண்ணீரைத் துடைத்த இடமெல்லாம் மை ஒட்டியது.

"ஒண்ணும் இல்லைன்னாளாமேங்க" என்றாள் அவள் கடைசியில். "அவ இருக்காளே."

முதலாளி விஷயம் கேட்டு வந்தார். எத்தனை மூட்டை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள் என்றார். சுவரோரம் கிடந்த இருபதைக் கைகாட்டினார். ஊசி அவற்றைப் பார்த்தாள். அவற்றின் மேல் கடற்கரை நகரத்தின் பெயர் இன்னும் கறுப்பாக, தெளிவாக இருந்தது. "அதை அவங்களுக்கே அனுப்பிடுங்க அய்யா" என்றாள். "அவங்களும் காத்துக்கிட்டுதான் இருப்பாங்க. எங்களுக்கு ஒரு லாரி மட்டும் திரும்பப் போகட்டும்."

ரொட்டிக் கடைக்காரி இரண்டு தட்டு ரொட்டியைக் கொண்டுவந்து ஏற்றினாள். குடை கொடுத்த டீச்சரும் வந்தாள். மசி அட்டை அச்சை எடுத்துப் பார்த்தான். ஒரு தடவை மை குடித்ததிலேயே ஓரம் ஊறிப் போயிருந்தது. அதைத் தகரத்தின்மேல் வைத்து எழுத்து எழுத்தாகக் கோடு இழுத்து வெட்டினான். நாற்பது அச்சுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து அதை மாட்டிவிட்டு வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் அவளோடு ஏறி உட்கார்ந்தான்.

லாரி கிளம்பியது. அவள் மடியில் காலிச் சாக்கு விரித்துக் கிடந்தது. வழி நெடுகிலும் அவள் விரல் அதன் வாயோரத்துத் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. கடைசித் துளை வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து.